பரமசிவத்துக்கு வந்த கடிதம்

உங்கள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையில், பெயருக்குக் கீழே ஹாஸ்பிட்டாலிட்டி என்ற சொல் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று போன வாரம் உங்களில் இருவரிடம் கேட்டேன். "சிரிச்ச மூஞ்சிங்க சார்" என்றார் ஒருவர். "கஸ்டமர் எது சொன்னாலும் ஓகே சொல்றதுங்க" என்றார் மற்றவர். இரண்டையும் தப்பென்று சொல்ல மாட்டேன். இந்தச் சொல்லோடு பல வருஷம் பழகியவன் என்பதால் என் பங்குக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

லத்தீனில் ஹோஸ்பெஸ் என்று ஒரு சொல் உண்டு. கதவைத் திறந்து உள்ளே அழைப்பவருக்கும் அந்தப் பெயர்தான். நனைந்த காலோடு வாசலில் நிற்பவருக்கும் அந்தப் பெயர்தான். இன்று என் வீட்டில் நீ, நாளை உன் ஊரில் நான் என்ற ஏற்பாட்டில் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிரிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். அதற்கு உறவான இன்னொரு சொல் ஹோஸ்டிஸ். மிகப் பழைய வழக்கில் அது அயலூராரைக் குறித்தது. சண்டைகள் பெருகிய பின் அதே சொல்லுக்குப் பகைவன் என்ற பொருள் ஏறிவிட்டது. நாம் வாய்க்கு வாய் சொல்கிற கெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் அந்த ஹோஸ்டிஸும் ஒரே வேரில் முளைத்தவை என்கிறார்கள் படித்தவர்கள்.

விருந்தினர் தங்கும் இடம் ஹோஸ்பிட்டாலே. ஐரோப்பாவில் யாத்திரை போகிறவர்கள் வழியில் தங்கிய மடங்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. நடந்து நடந்து நோயில் விழுந்தவர்கள் அங்கேயே கிடந்தார்கள். போக்கிடம் இல்லாத ஏழைகள் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் நோயாளிகள் மட்டும் மிஞ்சிய இடம் ஹாஸ்பிட்டல் ஆகி, நம் வாயில் ஆஸ்பத்திரி ஆனது. அதே சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து ஹாஸ்டலும் ஹோட்டலும் ஆயிற்று. அவர்களுக்கு ஹோட்டல் என்பது முதலில் பிரபுக்களின் நகர மாளிகை. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அது இரண்டு இட்லி ஒரு வடை கிடைக்கும் இடம். நம் பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. வந்தவர் புதியவர், ஆகவே விருந்து. அவருக்குப் போட்ட சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது பிற்பாடுதான்.

இதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த நாட்களில்தான் இந்தத் தொழிலிலேயே மிக மட்டமான காரியம் ஒன்றைச் செய்தேன். காரணம் பொறாமை. அறை சுத்தமில்லை, தண்ணீர் சுடவில்லை என்பதற்கெல்லாம் உங்களுக்குப் பயிற்சி உண்டு. பொறாமைக்கு ஒரு மணி நேர வகுப்புகூட வைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது தேயிலை விலை விழுந்து மூன்றாவது மழைக்காலம். குன்னூரிலிருந்து மஞ்சூர் போகும் வழியில் ஒரு எஸ்டேட்டில் நான் தலைமைக் கிளார்க். ஃபாக்டரியின் புகைபோக்கி வாரத்தில் மூன்று நாள்தான் புகைந்தது. தோட்டத்து ஆட்களுக்கும் மூன்று நாள்தான் வேலை. அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் பறித்த இலையை என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டையோடு எங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. மேட்டின் மேல் பூட்டிக் கிடந்த பழைய பங்களாவை, ஊட்டிக்கும் பைக்காராவுக்கும் வருகிற சுற்றுலாக்காரர்கள் தங்கத் திறந்துவிட்டார்கள். ஆறு அறைகள்.

எஸ்டேட் சூப்பிரண்டெண்ட் என்னைப் பங்களாவுக்குப் பொறுப்பாளராக்கினார். நான் ஆங்கிலம் படிப்பவன், நாட்குறிப்பு எழுதுபவன் என்பது அவருக்குத் தெரியும். துரைமார் கிளப் நூலகத்தில் கழித்துப் போட்ட புத்தகங்களிலிருந்து மேலட்டை இல்லாத ஒரு லத்தீன் அகராதியைத் தூக்கி வந்தவன் என்பதும் தெரியும். எனக்குக் கோட்டு தைத்தார்கள். சமையலுக்கு ஆள் தேடியபோது அவரே தோட்டத்திலிருந்து பரமசிவத்தை வரச் சொன்னார்.

பரமசிவம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அங்கே ஹட்டன் பக்கம் ஒரு பங்களாவில் அப்புவாக இருந்தவர். பங்களாச் சமையல்காரரை அங்கே அப்பு என்பார்கள். இங்கே வந்ததும் கையில் கவாத்துக் கத்தியைக் கொடுத்து மலைச்சரிவில் நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் செடி வெட்டி ஒரு முழங்கால் போயிருந்தது. பங்களாச் சமையலறைக்குள் வந்த முதல் நாள், அடுப்பையும் அலமாரியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இங்கன நமக்குச் சரிங்க கிளாக்கரய்யா" என்றார்.

"பரமசிவம், நான் இப்பப் பொறுப்பாளருங்க" என்றேன்.

"விளங்குதுங்க கிளாக்கரய்யா."

கடைசிவரை அவருக்கு நான் கிளாக்கரய்யாதான்.

வருகிற விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டேன். வந்த நாள், போன நாள், எந்த அறை, காப்பியா டீயா, எத்தனை தலையணை, எந்தப் பேச்சு பிடிக்கும் என்று எல்லாம் அதில் இருக்கும். அகர வரிசையில் அடுக்கிய அந்தப் பெட்டி என் பெருமை. பரமசிவம் அதைத் திறந்தே பார்த்ததில்லை. ஒருமுறை ஒரு வக்கீல் இரண்டாம் தடவையாக வந்தார். டிகிரி காப்பி என்று அட்டை சொன்னது. பரமசிவம் அவருக்கு மிளகு ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொண்டு போனார். சமையலறைக்குப் போய்ப் பிடித்துக் கொண்டேன்.

"ஏனுங்க, அட்டையில காப்பின்னு எழுதியிருக்குதுங்களே?"

"இருக்குங்க. ஆளு இருமிக்கிட்டே கார்ல இருந்து இறங்குனாரே, நீங்க பாக்கலீங்களா?"

நான் பார்க்கவில்லை. நான் அப்போது அட்டையைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

வக்கீல் கருத்துப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினார். ரசத்துக்கு முக்கால் பக்கம். என்னைப் பற்றி, 'பொறுப்பாளரும் மரியாதையானவர்' என்று கடைசி வரியில் இருந்தது. அந்த 'உம்' என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். பரமசிவத்தின் பெயர் எத்தனை இடத்தில், என் பெயர் எத்தனை இடத்தில் என்று பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டு வைத்தேன். விருந்தினர்கள் முன்கூடத்தில் என்னோடு உட்காராமல் பின்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சமையலறைப் படியில் உட்கார்ந்து அவரோடு பேசுவார்கள். அங்கிருந்து வரும் சிரிப்புச் சத்தம் என் மேசைவரை கேட்கும்.

வீட்டுக்குப் போய் இதையே சொல்லிக் கொண்டிருப்பேன். ஒருநாள் என் மனைவி சாவித்திரி தோசைக்கரண்டியை ஓங்கிக் கொண்டே, "ஏனுங்க, ஊட்டுக்கு வந்தும் அந்தாளு பேச்சுத்தானா? பொண்ணு பாத்துப்போட்டு வந்தவனாட்ட அவரு என்ன சொன்னாரு, எப்படிச் சிரிச்சாருன்னு. உங்களுக்கு அவரு மேல வவுத்தெரிச்சலுங்க" என்றாள்.

"நிர்வாகத்துல ஒரு ஒழுங்கு வேணுங்கறேன்."

"ஒழுங்கு ஒருபக்கம் இருக்கட்டும். சட்னி வேணுங்களா?"

திருச்சியில் மருந்துக்கடை வைத்திருந்த ரங்கநாதனும் அவர் மனைவி ராஜலட்சுமி அம்மாவும் எங்களிடம் மூன்று முறை வந்தவர்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த மூலை அறைதான் அவர்களுக்கு. அந்த அம்மா காலையில் எழுந்ததும் சமையலறைக்குப் போய்விடுவார். தேங்காய்ச் சம்பலுக்கு எத்தனை மிளகாய், சொதிக்கு எந்தப் பால் முதலில் என்று பரமசிவத்தோடு ஒரே வாதம். ரங்கநாதன் அதிகம் பேசமாட்டார். இருவரையும் ஒருநாளாவது என் பக்கம் இழுக்க வேண்டும் என்று மூன்றாவது வருகையின் கடைசி மதியம் சாப்பாட்டு மேசையில் டெஸ்ஸெரா கதையை எடுத்தேன்.

ரோமானியர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் விருந்தாளியாக இருந்தவர் விடைபெறும்போது எலும்பிலோ வெண்கலத்திலோ செய்த ஒரு சிறு வில்லையைப் பாதியாக்கி ஆளுக்கொன்று வைத்துக் கொள்வார்கள். பல வருஷம் கழித்து வந்தாலும் பாதியை நீட்டினால் போதும். மறுபாதியோடு பொருந்தினால் கதவு திறக்கும். அப்பா கொடுத்ததைக் கொண்டுவந்து மகன் தங்கலாம். உறவு கெட்டுப் போனால் வில்லையை உடைத்துப் போட்டுவிடுவார்கள், அதோடு சரி.

ரங்கநாதன் கையில் எடுத்த அப்பளத்தை மறந்து கேட்டுக் கொண்டிருந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்போதுதான் ராஜலட்சுமி அம்மா கேட்டார்:

"ஏங்க, அந்த வில்லையில சமையல்காரருக்கும் ஒரு துண்டு குடுப்பாங்களா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். சோறு பரிமாறிக் கொண்டிருந்த பரமசிவமும் சிரித்தார். "நமக்கு வில்ல வேணாங்கம்மா. அடுத்த முற வரக்குள்ள மொளகா மட்டும் கொறச்சிக் கேளுங்க" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. என் ரோமாபுரி அங்கேயே இடிந்து விழுந்தது.

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. தபால்காரர் நனைந்த பையிலிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தை என் மேசையில் வைத்தார். அனுப்பியவர் திருச்சி ரங்கநாதன். பெறுநர் இடத்தில் நல்ல கையெழுத்தில், 'திரு. பரமசிவம் அவர்கள், எஸ்டேட் பங்களா' என்று இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. எந்த விருந்தினரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. அட்டையும் பெட்டியும் வைத்துக் காத்துக் கிடப்பவனை விட்டுவிட்டுச் சமையல்காரருக்குக் கடிதம்.

பிரிக்கவில்லை. மேசை டிராயரில் வைத்தேன். மத்தியானம் கொடுத்துக் கொள்ளலாம் என்று நினைத்தேன். மத்தியானம் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே போனது. பிரிக்காமல் இருந்ததையே ஒரு நேர்மையாக எண்ணிக் கொண்டேன். நாட்குறிப்பில் அந்தச் செவ்வாய்க்கு 'மழை. தபால் ஒன்று' என்று மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் டிராவல் ஏஜெண்டிடமிருந்து ஃபோன் வந்தது. "ரங்கநாதன், திருச்சி. வர்ற வியாழன்ல இருந்து மூணு நாளுங்க" என்றார்கள். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. அட்டைதான் இருக்கிறதே. கடிதத்தில் இருப்பதும் இந்தத் தேதியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இந்த ஒரு வரவேற்பைப் பரமசிவத்தின் கைபடாமல் நானே செய்து காட்ட வேண்டும் என்று ஒரு வெறி. வியாழன் காலை, அவசரமே இல்லாத ஒரு சாமான் பட்டியலை எழுதிக் கொடுத்து அவரைக் குன்னூர் மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். அவர் பட்டியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பையை எடுத்துக் கொண்டு போனார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மல்லிகைச் சரம் வரவழைத்தேன். மஞ்சூர் பஸ் கண்டக்டர் இறக்கிக் கொடுத்தார். மூலை அறை ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டேன். அந்த அம்மாவுக்குப் பிடித்த சிவப்புக் கம்பளியை ஒரு நாற்காலியில் மடித்து வைத்தேன். தட்டில் இரண்டு கோப்பை. ஒன்று சர்க்கரை இல்லாத இஞ்சி டீக்கு. கட்டில்மேல் பூ. நடுவில் என் கையெழுத்தில் ஒரு வாழ்த்து: 'திருமதி ராஜலட்சுமி, திரு. ரங்கநாதன் தம்பதியரை நான்காம் முறையாக வரவேற்கிறோம்.'

மூன்று மணிக்கு மூடுபனிக்குள்ளிருந்து கார் வந்தது. ரங்கநாதன் இறங்கினார். குடையை நீட்டிக் கொண்டு போன நான் காருக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அம்மா பின்னால வர்றாங்களாங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும், டிரைவர் முன்னால் ஏதோ பேச்சுக்குக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார் போலும். நான் முன்னே நடந்து மூலை அறைக் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றேன்.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பூவைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். நிலையை ஒரு கையால் பிடித்துக் கொண்டார்.

"பரமசிவத்துக்கு எழுதியிருந்தேனே" என்றார். "கிடைக்கலையா?"

நண்பர்களே, அந்த ஒரு நொடிதான் நம் தொழில். அதற்கு முந்திய ஒன்பது நாளும் என் மனசுக்குள் நடந்த அழுக்கு. அந்த நொடியில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அழுக்கு என்னோடு போயிருக்கும்.

"தெரியலீங்களே" என்றேன்.

பின்பக்கம் பஸ் நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பரமசிவம் நனைந்த பையோடு தாழ்வாரத்தில் நொண்டிக் கொண்டு வந்தார். ரங்கநாதன் திரும்பி, "பரமசிவம், என் கடிதம் வந்துதா?" என்றார். பரமசிவம் திறந்த கதவைப் பார்த்தார், தனியாக நின்றவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முழுசாக மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"வந்துச்சுங்க ஐயா. கிளாக்கரய்யாகிட்ட சொல்ல நாந்தான் சுணங்கிட்டேன். தப்பு நம்ம மேலதாங்க. வாங்க, அந்தப் பக்க அறை சூடா இருக்கும். தேத்தண்ணி கொண்டாறேன்."

ரங்கநாதனின் பெட்டியை வாங்கிக் கொண்டு பரமசிவம் நடந்தார். அவர் பின்னால் போனார். மூலை அறைக் கதவைச் சாத்திவிட்டு நான் அங்கேயே நின்றேன். அப்போதும் எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? எவ்வளவு சரளமாகப் பேசிவிட்டார் இந்த மனுஷன் என்ற பொறாமைதான்.

தேநீர் கொடுத்துவிட்டு அவர் சமையலறைக்கு வந்தார். நான் அங்கே காத்திருந்தேன். கையை நீட்டினார்.

"எடுங்க என் கடுதாசிய."

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"செவ்வாய்க்கெழமையே தெரியுமுங்க. தபால்காரன் சொல்லிட்டுத்தான் போனான், கிளாக்கர்கிட்ட குடுத்திருக்கேன்னு. எத்தன நாளைக்கு வச்சிருப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே!"

"நான் ஏன் கேக்கணும்? கோட்டுப் போட்டவரு நீங்க. கேட்டாத்தான் குடுப்பீங்கன்னா நமக்கு வேணாம்னு இருந்தேன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "நானும் கேட்டிருக்கணும். எனக்கும் புத்தி கெட்டுப் போச்சு. நம்ம ரெண்டு பேரு வீம்புக்கு அந்த மனுசன் அங்கன போய் நிக்கிறாரு."

டிராயரிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். பிரித்து, அடுப்பு வெளிச்சத்தில் தனக்குள் படித்தார். பிறகு என்னிடமே நீட்டிவிட்டார். ராஜலட்சுமி அம்மா ஜூன் மாதம் தவறிவிட்டார். வீட்டில் இருக்க முடியவில்லை, மூன்று நாள் அங்கே வந்து இருந்துவிட்டுப் போகிறேன், மூலை அறை மட்டும் வேண்டாம், யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தார். கீழே இன்னும் நாலு வரி இருந்தது. 'பொறுப்பாளர் ஐயாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவருக்கு எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். பெரிய படிப்பாளி, பதிலுக்கு நீளமாக ஆறுதல் எழுதிவிடுவார், அதைப் படிக்கும் தைரியம் எனக்கு இல்லை. அவர் சொன்ன ரோமாபுரி வில்லைக் கதையை ராஜி தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிக் கொண்டிருந்தாள்.'

நான் அதைப் படித்து முடித்தபோது பரமசிவம் முட்டைக்கோஸ் நறுக்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் காலை சூப்பிரண்டெண்ட் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். முந்தின நாள் மாலை அவர் ரங்கநாதனைப் பார்த்து வணக்கம் சொல்ல வந்திருந்தார். பேச்சுவாக்கில், பரமசிவம் கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டதாக விஷயம் வெளியே வந்துவிட்டது. ரங்கநாதன் புகார் எதுவும் சொல்லவில்லை.

"மிஸ்டர் சுப்பிரமணியம், அடுத்த மாசத்துல இருந்து பங்களாவுல ஒரு ஆளைக் குறைக்கணும்னு கம்பெனி எழுதியிருக்கு. யாரை எடுக்கிறதுன்னு நான் முழிச்சிட்டிருந்தேன். இப்ப முழிக்க வேண்டியதில்லை. துக்கத்துல வந்த மனுஷனை இப்படியா நிக்க வைக்கிறது? பரமசிவம் பழையபடி ஃபீல்டுக்குப் போகட்டும். சமையலுக்குத் தொழிலாளர் லயத்துல இருந்து ஒரு பொம்பளையப் போட்டுக்கலாம். நடந்ததைத் தேதியோட எழுதிக் கொடுங்க. நீங்கதான் தேதியெல்லாம் கரெக்டா வைப்பீங்களே."

ஃபீல்டு என்றால் வாரத்தில் மூன்று நாள் வேலை. அந்த முழங்காலோடு மழையில் சரிவில் நின்று கவாத்து. அவர் காகிதத்தை நகர்த்தினார். நான் பேனாவைத் திறந்தேன். 'செவ்வாய்க்கிழமை காலை தபாலில்' என்று எழுதினேன். இதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை: அடுத்த வரியை எழுதிவிட என் கை தயாராகவே இருந்தது. அவர் போய்விட்டால் சமையலறைப் படியில் யாரும் உட்கார மாட்டார்கள். கருத்துப் புத்தகத்தில் என் பெயர் மட்டும் இருக்கும். பத்து வார்த்தை போதும்.

பேனாவை மூடினேன்.

"சார், அவருக்குக் கடிதம் கிடைக்கலீங்க. என் டிராயர்ல இருந்துது."

"எத்தனை நாளா?"

"ஒன்பது நாளுங்க."

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவரே வாசலைத் திறந்து வைத்தார். "இல்லீங்க" என்றேன். "பொறாமைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படி ஒரு காரணத்தை எந்த ஃபைலிலும் அவர் பார்த்திருக்க மாட்டார். பிறகு பரமசிவத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து கதவோரம் நின்றார்.

"பரமசிவம், இவர் எல்லாத்தையும் சொல்லிட்டார். கம்பெனிக்கு ஏதாவது எழுதி ரெண்டு பேரையும் வச்சுக்க முடியுமான்னு பாக்கறேன். இவரோட சேர்ந்து வேலை செய்வீங்களா?"

அவர் செய்வேன் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நின்றிருந்தேன். நேற்று ஒரு பொய்யால் என்னைக் காப்பாற்றியவர் அல்லவா?

"ஏலாதுங்க தொரை" என்றார் பரமசிவம். "ஆளு கெட்டவரு இல்லீங்க. ஆனா ஏலாது. நானும் அவரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தா வர்ற சனத்த யாரு பாக்குறது?"

என் பக்கம் திரும்பவில்லை. எனக்காக நேற்று அவர் பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாசற்படியில் நின்றவருக்காகச் சொன்ன பொய் அது. துக்கத்தில் வந்தவர் முன்னால் இரண்டு வேலைக்காரர்கள் அடித்துக் கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் அவர் பார்த்தது.

குறைக்க வேண்டிய அந்த ஒரு ஆள் நானானேன். மாதக் கடைசியில் கோட்டைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பரமசிவம் பொறுப்பாளரானார். அட்டைப் பெட்டியை அங்கேயே விட்டேன். அவர் அதைத் திறந்தாரா என்று தெரியாது. சாவித்திரி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, அது குத்தியதைவிட மோசமாக இருந்தது. பிறகு ஊட்டியில் ஒரு ஹோட்டலில், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவருக்குக் கீழே, வரவேற்பு மேசையில் சாவி எடுத்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்தேன். இன்று நீங்கள் நிற்கும் மேசைக்கு நான் வந்த வழி இதுதான்.

அங்கே சேர்ந்த அடுத்த மே மாதம். சீசன் நெரிசல். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எங்களிடம் ஓர் அறை காலியாக இருந்தது. பாட்டுக் கச்சேரிப் பந்தலை ஒட்டிய அறை. அந்த அம்மா நெற்றியைப் பிடித்துக் கொண்டு நின்றார். ஒற்றைத் தலைவலி என்றார் கணவர்.

"போன வருஷக் கடைசியில மஞ்சூர் ரோட்டுல ஒரு எஸ்டேட் பங்களாவுல இருந்தோம் சார். அங்க ஒரு பெரியவர், இவளைப் பாத்ததுமே ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டுட்டார். அந்த மாதிரி ஒரு இடம் இப்ப கிடைக்குமா?"

அவர்கள் முகத்தில் அந்தப் பெரியவரை நினைத்ததும் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குள் பழைய பொறாமை அப்படியே எழுந்தது. ஒரு துளி குறையவில்லை. அந்த இடம் மூடிவிட்டதாகச் சொல்லலாம். ஃபோன் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். சாவியை நீட்டினால்கூடப் போதும், களைப்பில் வாங்கிக் கொள்வார்கள். என் மேலதிகாரி ஒரு அறை நிரம்பியது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

எண்ணைச் சுழற்றினேன். அது எனக்கு மனப்பாடம்.

"எஸ்டேட் பங்களா. யாருங்க பேசறது?"

"கிளாக்கர் பேசறேனுங்க."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"ரெண்டு பேரு வர்றாங்க. போன வருசம் உங்ககிட்ட தங்குனவங்க. அந்தம்மாவுக்கு ஒத்தத் தலைவலி. வெளிச்சம் ஆகாதுங்க. காருல வர ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"அனுப்புங்க" என்றார். பிறகு, வைத்துவிடுவார் என்று நான் நினைத்த நேரத்தில் கேட்டார்: "சாப்புட்டாங்களாமா?"

எனக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக் கொண்டு, எதிரே நின்றவர்களைப் பார்த்துக் கேட்டேன்.

"இல்லையாமுங்க" என்றேன் ஃபோனில்.